யூத பாஷையில் பேச வேண்டாம்: எருசலேம் மதிலருகே ஒரு வாக்குவாதம்

கேள்வி: இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில், எருசலேமை மிரட்ட வந்த அசீரியத் தூதனிடம் எசேக்கியா ராஜாவின் அதிகாரிகள், சீரிய பாஷையில் பேசும்படியும் யூத பாஷையில் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். வந்தவன் அசீரியன், கேட்பவர்கள் யூதர்கள். இதற்கிடையில் சீரிய பாஷை எங்கிருந்து வந்தது? மதில்மேல் இருந்த மக்களுக்கு அது உண்மையிலேயே புரியாதா?

பதில்: நீங்கள் குறிப்பிடும் வசனம் 18:26. இதே நிகழ்ச்சி ஏசாயா 36ஆம் அதிகாரத்திலும் ஏறத்தாழ அதே சொற்களில் இடம்பெற்றிருக்கிறது. அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் மீது படையெடுத்த கி.மு. 701ஆம் ஆண்டில், அவன் லாகீஸ் நகரத்தை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தபோது, எருசலேமைப் பணியவைப்பதற்காக உயர் அதிகாரிகளை அனுப்புகிறான். அவர்கள் வண்ணார் துறைக்குப் போகிற வழியில், மேற்குளத்துச் சாலகத்தின் அருகே வந்து நிற்கிறார்கள். நகரத்திலிருந்து அரண்மனை விசாரிப்புக்காரன் எலியாக்கீம், சம்பிரதி செப்னா, கணக்கன் யோவாக் ஆகிய மூவரும் வெளியே வருகிறார்கள். பேச்சு மதிலுக்கு அடியில் நடக்கிறது. மதிலுக்கு மேலே காவலர்களும் மக்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் ‘அராமித்’. அராமிய மொழி என்பது அதன் பொருள். அராம் நாட்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் சீரியா என்றே வழங்கியதால், தமிழ் வேதாகமத்திலும் ‘சீரிய பாஷை’ என்ற வழக்கு நிலைத்துவிட்டது. அசீரியர்களின் சொந்த மொழி அக்காதியம். அது களிமண் பலகையில் ஆப்பெழுத்தால் எழுதப்பட்டது. அதை எழுதிப் பழக நூற்றுக்கணக்கான குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். அராமியத்துக்கு 22 எழுத்துகளே போதும். தோலிலோ பாப்பிரசிலோ மையால் விரைவாக எழுதிவிடலாம்.

மூன்றாம் திகிலாத்பிலேசர் கி.மு. 745 முதல் 727 வரை ஆண்ட காலத்தில் அசீரியப் பேரரசு மேற்கு நோக்கி விரிந்தது. தமஸ்கு கி.மு. 732இல் வீழ்ந்தது, ஆமாத் 720இல் அடங்கியது. இந்த அராமிய அரசுகள் கவிழ்ந்தபோது அவற்றின் மக்கள் கூட்டங்கூட்டமாகப் பேரரசின் நடுப்பகுதிக்குப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் விளைவு, தோற்றவர்களின் மொழி வென்றவர்களின் அலுவலகத்துக்குள் நுழைந்தது. அசீரிய அரண்மனைச் சுவர்ச் சிற்பங்களில் கொள்ளைப் பொருளைக் கணக்கெடுக்கும் எழுத்தர்கள் இருவர் இருவராக நிற்பதைக் காணலாம்: ஒருவர் கையில் எழுத்தாணியும் பலகையும், மற்றவர் கையில் பேனாவும் சுருளும். சுருள் பிடித்திருப்பவர் அராமிய எழுத்தர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பாபிலோனியாவில் ‘ஊர்’ என்ற பெயருடைய நகரத்திலிருந்த ஓர் அதிகாரி, இனித் தமது கடிதங்களை அராமியத்தில் எழுதி அனுப்பலாமா என்று இரண்டாம் சர்கோனிடம் அனுமதி கேட்க, ஏன் அக்காதியத்தில் எழுதக் கூடாது என்று மன்னர் கடிந்து எழுதிய பதில் இன்றும் கிடைக்கிறது. சர்கோன் சனகெரிப்பின் தந்தை. மன்னரே தடுத்து நிறுத்த வேண்டிய அளவுக்கு அராமியம் அப்போதே பரவியிருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம். ஆகவே, அசீரிய அதிகாரியும் யூதாவின் அதிகாரிகளும் சந்திக்கும்போது இருவருக்கும் பொதுவான மொழி அராமியமாக இருந்தது என்பதில் வியப்பு எதுவும் இல்லை. கப்பம் கட்டும் சிறிய நாட்டின் அரண்மனை எழுத்தருக்கு அது தொழில் சார்ந்த தேவை.

மக்களுக்குப் புரியாதா என்ற கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். எபிரெயமும் அராமியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ‘அரசன்’ என்பதை எபிரெயத்தில் ‘ஹம்மெலெக்’ என்பார்கள், அராமியத்தில் ‘மல்கா’. எபிரெயத்தில் ‘அந்த’ என்று பொருள்படும் சுட்டு (‘ஹ’) சொல்லின் முன்னால் வருகிறது. அராமியத்தில் சொல்லின் ஈற்றில் ஒட்டுகிறது. எபிரெயத்தில் பன்மை ‘-ஈம்’ என்றும் அராமியத்தில் ‘-ஈன்’ என்றும் முடியும். மகனுக்கு எபிரெயச் சொல் ‘பேன்’, அராமியச் சொல் ‘பார்’. எல்லை கடந்து வாணிகம் செய்தவர் பேச்சின் போக்கைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆனால் படைக்கு அஞ்சிக் கிராமங்களிலிருந்து நகரத்துக்குள் புகுந்த உழவருக்கும் இடையருக்கும், வேகமாகவும் அரசவை நடையிலும் பேசப்படும் அராமியம் விளங்கியிருக்காது. அதிகாரிகள் விரும்பியதும் அதைத்தான். அசீரியத் தூதனாகிய ரப்சாக்கேயின் பதில் அவர்களின் நோக்கத்தை ஒரே அடியில் உடைத்துவிடுகிறது: என் ஆண்டவன் உங்களிடத்துக்கு மட்டுமா அனுப்பினார், மதில்மேல் உட்கார்ந்திருக்கிற இந்த மனிதரிடத்துக்கும் அல்லவா அனுப்பினார் என்று கேட்டுவிட்டு, உரத்த சத்தமாக யூத பாஷையிலேயே தொடர்கிறான்.

எபிரெயம் என்று இன்று நாம் சொல்லும் மொழிக்கு எபிரெய வேதம் அந்தப் பெயரை எங்கும் தரவில்லை. ஏசாயா 19:18 அதைக் கானான் பாஷை என்கிறது. ‘யெஹூதித்’, அதாவது யூத பாஷை, என்ற பெயர் மொத்தம் 6 இடங்களில் வருகிறது. அவற்றுள் 5 இந்த ஒரே முற்றுகைக் கதையின் மூன்று வடிவங்களில் உள்ளவை, மீதி ஒன்று நெகேமியா 13:24. யூதாவின் பேச்சுக்கும் வடக்கே இஸ்ரவேலின் பேச்சுக்கும் வேறுபாடு இருந்தது என்பதை ஓட்டுச்சில்லுகளில் எழுதப்பட்ட கணக்குகளே காட்டுகின்றன. திராட்சரசத்தைச் சமாரியாவின் எழுத்தர் இரண்டு மெய்யெழுத்துகளால் ‘யன்’ என்று எழுதினார். யூதாவின் எழுத்தர் ‘யயின்’ என்று ஒலிக்கும்படி மூன்று எழுத்துகள் இட்டார். ஆண்டு என்பதற்கு வடக்கில் ‘ஷத்’, தெற்கில் ‘ஷனா’. எசேக்கியா காலத்து யூதப் பேச்சு எப்படி இருந்தது என்பதற்கு மிக நெருக்கமான சான்று, எருசலேமின் அடியில் 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்து அமைத்த சீலோவாம் நீர்ச்சுரங்கத்தின் கல்வெட்டு. 1880இல் கண்டெடுக்கப்பட்டு இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த 6 வரிகள், இரு முனைகளிலிருந்து குடைந்து வந்த வேலையாட்கள் எதிர்ப்பக்கத்து ஆளின் குரலைப் பாறைக்குள் கேட்டதையும், கோடரிக்கு எதிராகக் கோடரி மோதியதையும், தண்ணீர் ஓடத் தொடங்கியதையும் சொல்கின்றன. அதில் அரசன் பெயரே இல்லை. முழுவதும் வேலையாட்களின் செய்திதான். மதில்மேல் இருந்தவர்கள் பேசிய மொழி இதுதான்.

பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் நிலைமை தலைகீழாக மாறியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தின் எலெபந்தின் தீவில் காவற்படையாக இருந்த யூதர்கள் தங்கள் கடிதங்களையும் திருமண ஒப்பந்தங்களையும் அராமியத்திலேயே எழுதினார்கள். எஸ்றா, தானியேல் நூல்களின் கணிசமான பகுதிகள் அராமியத்தில் உள்ளன. அதிகாரிக்கு அராமியம் தெரியும், மக்களுக்குத் தெரியாது என்ற நிலை யூதாவில் குறிப்பிட்ட காலம்வரையில்தான் இருந்தது. இந்த உரையாடல் பின்னாளில் தொகுக்கப்பட்டு மெருகேறியது உண்மைதான்; ஆயினும் 26ஆம் வசனத்து வேண்டுகோள் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் உண்மையான நினைவைக் கொண்டிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: ரப்சாக்கே என்பது ஒருவருடைய பெயரா? அசீரியனாகிய அவனுக்கு யூத பாஷை எப்படித் தெரிந்திருந்தது?

பதில்: அது பெயரன்று, பதவி. 18:17இல் வரும் தர்தான், ரப்சாரீஸ், ரப்சாக்கே மூன்றுமே அசீரிய அரசின் உச்சப் பதவிகள். தர்தான் என்பது அக்காதிய மொழியில் ‘துர்தானு’, தலைமைப் படைத்தலைவர். ரப்சாரீஸ் ‘ரப் ஷ ரேஷி’, அரண்மனைப் பிரதானிகளின் தலைவர். ரப்சாக்கே ‘ரப் ஷாக்கே’, பானபாத்திரக்காரர்களின் தலைவர். அரசனுக்குக் கிண்ணம் நீட்டும் வேலையிலிருந்து பிறந்த பட்டமாயினும், இந்தக் காலத்தில் அவர் பேரரசின் வட எல்லையில் ஒரு மாகாணத்தையே ஆளும் பெரிய அதிகாரி. எபிரெய எழுத்தர் இந்தப் பட்டங்களை மொழிபெயர்க்காமல், காதில் விழுந்த ஒலியோடு அப்படியே பதிந்திருக்கிறார்.

அவனுடைய பேச்சிலும் அசீரிய வாடை வீசுகிறது. தன் மன்னனை அவன் ‘மகாராஜாவாகிய அசீரியா ராஜா’ என்று குறிப்பிடுவது, அசீரியக் கல்வெட்டுகளில் மன்னர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டத்தின் நேரடி எபிரெய வடிவம். 24ஆம் வசனத்தில் சிறிய தலைவனைக் குறிக்க வரும் ‘பெகா’ என்ற சொல், அசீரிய ஆளுநரைக் குறிக்கும் அக்காதியச் சொல்லிலிருந்து எபிரெயத்துக்கு வந்த கடன்சொல்.

யூத பாஷை அவனுக்கு எப்படித் தெரியும் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவன் மதம் மாறிய இஸ்ரவேலன் என்கிறது யூத அறிஞர்களின் போதனைத் தொகுப்பாகிய தால்மூது. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் அசீரியப் படையில் இஸ்ரவேலர் இருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது: சமாரியாவை வென்ற சர்கோன் அதன் தேர்ப்படையைத் தன் படையோடு சேர்த்துக்கொண்டதாகக் கூறுகிறார், பழைய அசீரியத் தலைநகரமாகிய நிம்ரூதில் கிடைத்த படைப்பிரிவுப் பட்டியலில் சமாரியாவின் தேர்த் தலைவர்கள் தனிக் குழுவாகவே எழுதப்பட்டிருக்கிறார்கள், அவர்களுள் சிலரின் பெயரில் இஸ்ரவேலின் கடவுள் பெயரும் கலந்திருக்கிறது. இப்படிப்பட்டவர் ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கலாம். தூதின் சார்பில் யார் வாய் திறந்தாலும் பேச்சு தூதனுடையதாகவே எழுதப்படும்.

நகரவாசிகளை நோக்கி நேராகப் பேசுவது கதாசிரியரின் கற்பனை என்று கருதியவர்களுக்கு 1952இல் நிம்ரூதில் கிடைத்த ஒரு கடிதம் பதிலாக அமைந்தது. பாபிலோனை முக்கின்-செரி என்ற கல்தேயன் கைப்பற்றி வைத்திருந்தபோது, ஏறத்தாழ கி.மு. 731இல், அசீரிய அதிகாரிகள் இருவர் மர்துக் வாயிலின் முன் நின்று பாபிலோனியரோடு பேசிய விவரத்தைத் திகிலாத்பிலேசருக்கு எழுதியிருக்கிறார்கள். முக்கின்-செரியின் ஆளும் வாயிலில் இருக்கிறான். அவனை வைத்துக்கொண்டே, கல்தேயருக்காக நீங்கள் ஏன் எங்களைப் பகைத்துக்கொள்கிறீர்கள் என்று நகரத்தாரிடம் கேட்கிறார்கள். நகரத்தின் உரிமைகளை மன்னர் காப்பார் என்று ஆசை காட்டுகிறார்கள். ஆட்சியாளனிடமிருந்து மக்களைப் பிரிப்பதற்காக எருசலேமில் ரப்சாக்கே செய்ததும் இதுவே. எசேக்கியா உங்களை மோசம்போக்காதபடி பாருங்கள் என்று தொடங்கி, அவனவன் தன் திராட்சச்செடியின் கனியையும் தன் அத்திமரத்தின் கனியையும் புசிக்கலாம் என்று அவன் ஆசை காட்டுவதை மறுபடி வாசித்துப் பாருங்கள். அசீரியருக்கு முற்றுகை மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. பேச்சாலேயே வாயிலைத் திறக்கவைத்தால் படைக்கு உயிர்ச்சேதமும் இல்லை, நாள் வீணாவதும் இல்லை.

கேள்வி: சனகெரிப்பே இந்தப் படையெடுப்பைக் கல்வெட்டில் எழுதிவைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அது வேதத்தோடு ஒத்துப்போகிறதா?

பதில்: பெருமளவு ஒத்துப்போகிறது, சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் மறைக்காமல் பார்ப்பதே நேர்மை.

சனகெரிப்பின் ஆண்டறிக்கை, சுட்ட களிமண்ணால் செய்த பல முகப் பட்டைகளில் எழுதப்பட்டுப் பல பிரதிகளாகக் கிடைத்திருக்கிறது. புகழ்பெற்ற டெய்லர் பட்டை கி.மு. 691ஐச் சேர்ந்தது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன்படி, யூதாவின் 46 அரணுள்ள நகரங்களைப் பிடித்து, 2,00,150 பேரை வெளியேற்றி, எசேக்கியாவை அவருடைய அரசநகரமாகிய எருசலேமில் கூண்டுப் பறவையைப்போல் அடைத்துவைத்ததாக மன்னன் சொல்கிறான். பிடித்த நகரங்களைப் பெருமையோடு எண்ணிக்காட்டும் அவன், எருசலேமைப் பிடித்ததாக மட்டும் எங்கும் சொல்லவில்லை. அடைத்துவைத்தேன் என்பதோடு நின்றுவிடுகிறான்.

கப்பத்தில் பொன் இரு பக்கமும் 30 தாலந்து. வெள்ளி வேதத்தில் 300, அசீரியப் பட்டையில் 800. எடை அளவை வேறுபாடு என்றும், ஆலயக் கதவுகளிலிருந்து உரித்தெடுத்ததையும் சேர்த்துக் கணக்கிட்டது என்றும் விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எதுவும் உறுதியாக நிறுவப்படவில்லை; வெற்றியாளன் தொகையைக் கூட்டிச் சொல்வதும் வழக்கம்தான். பெலிஸ்தரின் நகரமாகிய எக்ரோனின் மன்னன் ‘பாதி’ என்பவனை எசேக்கியா எருசலேமில் சிறைவைத்திருந்தார் என்ற செய்தி அசீரியப் பட்டையில் மட்டுமே உண்டு. அந்தப் பாதியின் பெயர், 1996இல் எக்ரோனிலேயே கிடைத்த கோயில் கல்வெட்டில் அவன் மகனின் பெயரோடு இருக்கிறது.

லாகீஸ் நகரத்தை ஆண்டறிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை; ஆனால் நினிவே அரண்மனையில் ஓர் அறையின் சுவர் முழுவதையும் லாகீஸின் வீழ்ச்சியைக் காட்டும் சிற்பங்களால் நிரப்பியிருந்தான் சனகெரிப். சரிவு மேடையில் மதிலிடிக்கும் இயந்திரங்கள் ஏறுகின்றன. மேலேயிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன. இயந்திரத்துக்குத் தீப்பிடிக்காதபடி ஒருவன் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றுகிறான். மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சுகளோடு குடும்பங்கள் வெளியேறுகின்றன. லாகீஸ் மேட்டில் நடந்த அகழாய்வில் அந்தச் சரிவு மேடையும், அம்பு முனைகளும், கவண்கற்களும் அப்படியே கிடைத்தன. வேதம், சிற்பம், மண் ஆகிய மூன்றும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகும் இடம் பழைய ஏற்பாட்டு வரலாற்றில் அரிது.

ஒத்துப்போகாத இடங்களுக்கு வருவோம். 18:13 இதை எசேக்கியாவின் 14ஆம் ஆண்டு என்கிறது. அப்படியானால் அவர் பட்டத்துக்கு வந்தது கி.மு. 715ஐ ஒட்டி. ஆனால் 18:10 சமாரியாவின் வீழ்ச்சியை அவருடைய 6ஆம் ஆண்டில் வைக்கிறது. அந்த வீழ்ச்சி கி.மு. 722ஐ ஒட்டி நடந்தது. இரண்டு கணக்கும் ஒன்றாக நிற்க முடியாது. 19:9 திராக்காவை எத்தியோப்பியாவின் ராஜா என்கிறது; அவர் அரியணை ஏறியது கி.மு. 690இல். படையெடுப்பின்போது இளவரசராக இருந்தவரைப் பின்னாளில் எழுதியவர் அவருக்குக் கிடைத்த பட்டத்தாலேயே குறிப்பிட்டார் என்பது ஏற்கத்தக்க விளக்கம். 19ஆம் அதிகார முடிவில் சனகெரிப் நினிவேக்குத் திரும்பியதும் கொல்லப்பட்டதும் அடுத்தடுத்து வருகின்றன. இடையில் 20 ஆண்டுகள் உள்ளன. கொலை நடந்தது கி.மு. 681இல். அவனைக் கொன்றவன் மகன் என்பதைப் பாபிலோனிய நாளாகமமும் சொல்கிறது. அத்ரமலேக் என்ற வேதப் பெயருக்குப் பின்னால் இருப்பவன் அர்தா-முலிஸ்ஸு என்ற இளவரசன் என்பது ஓர் அசீரியக் கடிதத்தின் மூலம் தெளிவாயிற்று.

எபிரெய மூலத்தைக் கூர்ந்து படித்தால் இந்தக் கதை ஒரே கையால் எழுதப்பட்டதன்று என்பது எழுத்துமுறையிலேயே தெரிகிறது. கப்பம் கட்டியதைச் சொல்லும் 14 முதல் 16 வரையான வசனங்களில் அரசர் பெயர் ‘ஹிஸ்கியா’ என்று குறுகியும், 17 முதல் வரும் நீண்ட கதையில் ‘ஹிஸ்கியாஹு’ என்று நீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஏசாயா நூலில் அந்த மூன்று வசனங்களே இல்லை. அரசாங்கப் பதிவேட்டு நடையில் அமைந்த சுருக்கமான குறிப்பும், தீர்க்கதரிசியின் வட்டத்தில் போற்றிக் காத்த விரிவான கதையும் இங்கே அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. எசேக்கியா தோற்று வணங்கியதைச் சொல்லும் குறிப்பை நீக்காமல் விட்ட தொகுப்பாசிரியரை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: 18:27இல் எழுதியிருப்பதை யூதர்கள் ஜெப ஆலயத்தில் அப்படியே வாசிப்பதில்லை என்கிறார்களே, அது ஏன்?

பதில்: உண்மை. அந்த வசனத்தில் ரப்சாக்கே, மதில்மேல் இருப்பவர்கள் முற்றுகைப் பஞ்சத்தில் தங்கள் மலத்தைத் தின்று தங்கள் சிறுநீரைக் குடிக்க நேரும் என்கிறான். எபிரெயத்தில் எழுதப்பட்டிருக்கும் சொற்கள் தெருவில் வழங்கும் கொச்சைச் சொற்கள். ஆகவே, வேதப் பிரதியைக் காத்துவந்த மசோரெத்து அறிஞர்கள் மூல எழுத்துகளில் கைவைக்காமல், வாசிக்க வேண்டிய நாகரிகச் சொற்களை ஓரத்தில் குறித்தார்கள். எழுதப்பட்டதற்குக் ‘கெதீவ்’ என்றும் வாசிக்கப்படுவதற்குக் ‘கெரே’ என்றும் பெயர். மலத்துக்கு மென்மையான வேறு சொல் வாசிக்கப்படுகிறது; சிறுநீருக்குப் பதிலாகக் ‘கால்களின் தண்ணீர்’ என்று வாசிக்கிறார்கள். 1008ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் பிரதியில், உள்ளே கொச்சைச் சொல்லின் மெய்யெழுத்துகளும் அவற்றின்மேல் நாகரிகச் சொல்லின் உயிர்க்குறிகளும் இருப்பதைக் காணலாம். இந்த வழக்கம் அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. தால்மூதிலேயே இந்த வசனம் எடுத்துக்காட்டாக வருகிறது. 2 இராஜாக்கள் 6:25இல், சமாரியாவின் பஞ்சத்தில் புறா எச்சம் விலைக்கு விற்ற செய்தியிலும் இதே வேர்ச்சொல் இதே முறையில் மாற்றி வாசிக்கப்படுகிறது.

என் கருத்தில் கொச்சைச் சொல்லே இந்த இடத்துக்குப் பொருந்துவது. அரசவை மொழியை விட்டுவிட்டு மக்கள் மொழிக்கு மாறிய தூதன், மதில்மேல் இருப்பவர்களின் வயிற்றைக் கலக்குவதற்காக அவர்கள் அன்றாடம் பேசும் சொல்லையே எடுத்து வீசுகிறான். இந்தச் சொல்லால் சங்கடப்பட்டவர்கள் மசோரெத்து அறிஞர்கள் மட்டுமல்லர். பாரசீகர் காலத்திலோ அதற்குப் பின்னரோ இதே கதையைத் திரும்ப எழுதிய நாளாகம ஆசிரியர், 2 நாளாகமம் 32:11இல் அதைப் பசியாலும் தாகத்தாலும் சாவீர்கள் என்று சுருக்கிவிட்டார். யூத பாஷையில் உரத்துக் கூப்பிட்டார்கள் என்பதை 18ஆம் வசனத்தில் வைத்துக்கொண்ட அவர், அராமியத்தில் பேசும்படி அதிகாரிகள் கேட்டுக்கொண்டதை முற்றிலும் விட்டுவிட்டார்; அவருடைய வாசகர்களில் பலருக்கு அராமியமே அன்றாட மொழியாகிவிட்டிருந்ததால், அந்த வேண்டுகோளின் பயன் அவர்களுக்கு விளங்காது என்று அவர் கருதியிருக்கலாம்.